மேடை ஏறிய கங்காரு

கிறிஸ்துமஸ் என்றதும் பனி மூடிய கூரைகளும், கணப்பில் எரியும் விறகும், கம்பளி ஆடையும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பண்டிகையைப் பற்றி நாம் படித்த நூல்களெல்லாம் வடதிசை நாடுகளில் எழுதப்பட்டவை என்பதே அதற்குக் காரணம். ஆஸ்திரேலியாவில் டிசம்பர் மாதம் கடுங்கோடை. சிட்னி நகரில் அப்போது வெயில் கொளுத்தும். மக்கள் கடற்கரையை நாடுவர். எனினும் 19ஆம் நூற்றாண்டில் அந்நகரத்து நாடகக் கொட்டகைகளில் டிசம்பர் இறுதியில் குழந்தைகளுக்காக நடத்தப்பெற்ற இசை வேடிக்கை நாடகங்களில் பனிக்காட்சியே இடம்பெற்று வந்தது. வெளியே வெயில், மேடையில் பனி. வியர்வையைத் துடைத்துக்கொண்டே குழந்தைகள் அந்தப் பனியைப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

இந்த நாடகங்களை ஆங்கிலேயர் 'பாண்டோமைம்' என்பர். பெயரைக் கொண்டு இதை ஊமைக்கூத்து என்று கொள்ளலாகாது. பாட்டு, ஆட்டம், கேலிப் பேச்சு, மந்திர மாயம், பெண் வேடமிட்ட விகடர், ஆண் வேடமிட்ட கதாநாயகி ஆகிய எல்லாம் கலந்த கதம்பம் அது. சிந்தரெல்லா, அலாவுதீன், வாத்தம்மா கதை போன்ற பழங்கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, அவ்வாண்டின் ஊர்வம்புகளையெல்லாம் அதனுள் புகுத்தி நடிப்பார்கள். இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் தம் பெட்டி படுக்கைகளோடு இதையும் கொண்டு சென்றனர்.

1916ஆம் ஆண்டு டிசம்பரில் சிட்னியின் கிராண்டு ஆப்பரா ஹவுஸ் கொட்டகையில் அரங்கேறிய நாடகம் இந்த வழக்கத்திலிருந்து விலகி நின்றது. அதன் பெயர் 'பன்யிப்'. வாட்டில் மலர் இளவரசி என்னும் தேவதை மந்திரத்தால் பன்யிப்பாக உருமாறிப் போவதே அதன் கதை. பன்யிப் என்பது அந்நாட்டுப் பழங்குடி மக்களின் கதைகளில் வரும் நீர்நிலைப் பூதம். வாட்டில் அந்நாட்டில் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கும் ஒரு மரம். ஆங்கிலக் கிராமத்து மாளிகைக்குப் பதிலாக ஆஸ்திரேலியக் காடே மேடையில் எழுந்தது. பனிக்குப் பதிலாகக் காட்டுத் தீ காட்சியாயிற்று. ஒரு விளையாட்டு நாடகத்தில் நேர்ந்த இந்த மாறுதலுக்குப் பின்னால், ஒரு குடியேறிய சமூகம் தான் வாழும் மண்ணைத் தன் மண்ணாக ஏற்கத் தொடங்கிய வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றைச் சற்று ஆராய்வது, பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்குப் பயனுடையதாகும்.

நம் இலக்கணத்தார் நிலத்தைப் பகுத்தபோது மண்ணின் இயல்பை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ஒவ்வொரு திணைக்கும் உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றைக் கருப்பொருள் என்று வகுத்தார்கள். குறிஞ்சியைச் சொன்னால் மயில் வரவேண்டும். முல்லையைச் சொன்னால் மான் வரவேண்டும். ஒரு நிலத்தைப் பாடுகிறவன் அதன் விலங்கையும் பறவையையும் மரத்தையும் அறிந்திருக்கவேண்டும் என்பது அதன் உட்பொருள். அந்த நோக்கில் பார்த்தால், 19ஆம் நூற்றாண்டு ஆஸ்திரேலிய மேடையில் நடந்தது பெரியதொரு திணை மயக்கம். மண் ஒன்று, கருப்பொருள் வேறு. கண்ணெதிரே கங்காரு தாவிக்கொண்டிருக்க, பாட்டில் மட்டும் ராபின் குருவி கூவிற்று.

இந்த மயக்கம் மேடையளவில் நின்றிருந்தால் அதனால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் ஊர் நினைவு என்பது சில வேளைகளில் மண்ணையே மாற்ற முற்படும். 1861இல் விக்டோரியா குடியேற்றத்தில் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அயல்நாட்டு உயிரினங்களைக் கொணர்ந்து அம்மண்ணில் பழக்கி வளர்ப்பதே அதன் நோக்கம். இங்கிலாந்தின் பாட்டுப் பறவைகளையும் சிட்டுக்குருவியையும் கப்பலில் ஏற்றி வந்து பறக்கவிட்டார்கள். அதற்கும் முன்பே, 1859 கிறிஸ்துமஸ் நாளன்று, தாமஸ் ஆஸ்டின் என்னும் நிலக்கிழாருக்காக 24 முயல்கள் மெல்போர்ன் வந்து சேர்ந்தன. தாய்நாட்டில் இருந்ததுபோல் முயல் வேட்டையாட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணமில்லை. அம்முயல்களின் வழித்தோன்றல்கள் அரை நூற்றாண்டுக்குள் கண்டத்தின் பெரும்பகுதியில் பரவி, புல்வெளிகளை மொட்டையாக்கின. 1901இல் மேற்கு ஆஸ்திரேலியா அவற்றைத் தடுக்க வேலி கட்டத் தொடங்கி, 1907இல் முடித்தது. வேலிகளுள் முதலாவதின் நீளம் மட்டும் ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். அதற்குள் முயல்கள் வேலியைக் கடந்திருந்தன. ஒருவருடைய ஊர் நினைவுக்கு ஒரு கண்டம் கொடுத்த விலை இது.

மேடையில் உள்நாட்டு விலங்குகள் தலைகாட்டியதே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1873ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் மெல்போர்னில் கார்னெட் வால்ச் என்பவர் எழுதிய பாண்டோமைம் ஒன்று நடைபெற்றது. மனிதச் சிரிப்பைப் போலவே குரலெழுப்பும் கூக்கபரா என்னும் மீன்கொத்தியும், மாய சக்தி வாய்ந்த ஒரு கிரிக்கெட் மட்டையும் அதன் தலைப்பிலேயே இடம்பெற்றன. டபிள்யூ. ஜி. கிரேஸ் தலைமையில் ஆங்கிலக் கிரிக்கெட் குழு அப்போது அங்கு வந்திருந்ததால் மட்டை கதைக்குள் நுழைந்தது. எனினும் அக்காலத்தில் உள்ளூர்ப் பறவை சிரிப்பூட்டும் வேடிக்கைப் பொருளாகவே மேடைக்கு வந்தது. அதற்கு ஒரு வாழ்வு உண்டு, அதற்கும் வலி உண்டு என்ற எண்ணம் பிறக்க மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

அந்த எண்ணத்தைக் குழந்தைகளின் உள்ளத்தில் விதைத்தவர் எத்தெல் பெட்லி என்னும் பெண்மணி. 1859இல் லண்டனை அடுத்த ஆக்டனில் பிறந்து, இளமையில் சிட்னிக்கு வந்தவர். லண்டன் ராயல் இசைக் கழகத்தில் பயின்று திரும்பி, சிட்னியில் இசை ஆசிரியையாக வாழ்ந்தார். எம்மலின் வூலி என்னும் தோழியுடன் சேர்ந்து பெண்களுக்கென ஒரு பாடற்குழுவை நடத்தினார். இசையே வாழ்வாக இருந்த அவர் குழந்தைகளுக்காக எழுதிய கதை ஒன்றே ஒன்றுதான். 'டாட்டும் கங்காருவும்' என்னும் அந்நூல் 1899இல் வெளிவந்தது. அதைக் காண அவர் இல்லை. முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.

டாட் ஒரு குடியானவரின் சிறு பெண். முயல் ஒன்றைத் துரத்திச் சென்று காட்டில் வழி தவறிவிடுகிறாள். அழுதுகொண்டிருந்த அவளை, தன் குட்டியை இழந்து தவிக்கும் ஒரு தாய்க் கங்காரு காண்கிறது. அது தரும் ஒருவகைக் காட்டுக்கனியை உண்டதும் எல்லா உயிர்களின் பேச்சும் அவளுக்குப் புரியத் தொடங்குகிறது. கங்காரு தன் பையில் அவளைச் சுமந்து, வீட்டு வழி தேடி அலைகிறது. பிளாட்டிபஸ் என்னும் அலகுடைய நீர்வாழ் விலங்கும் பற்பல பறவைகளும் எதிர்ப்படுகின்றன. ஓரிடத்தில் விலங்குகளும் பறவைகளும் நீதிமன்றம் கூட்டி, மனிதர் தமக்கு இழைத்த கொடுமைகளுக்காக அச்சிறுமியைக் கூண்டில் நிறுத்துகின்றன. குழந்தைகள் சிரிப்பதற்காக எழுதப்பட்ட பகுதி அது. ஆனால் சிரித்து முடிந்தபின் நெஞ்சில் தைப்பது. இறுதியில் வீட்டை நெருங்கும்போது, மகளைச் சுமந்து வரும் கங்காருவையே சுட அவள் தந்தை குறிபார்க்கிறார். குழந்தையின் குரல் அதைக் காப்பாற்றுகிறது. கங்காரு இழந்த குட்டியும் அவ்வீட்டிலேயே வளர்ந்து வருவதாகத் தெரிகிறது. அது முதல் தந்தை காட்டு உயிர்களைக் கொல்வதை விட்டு, அவை வந்து நீரருந்த வழி செய்கிறார்.

வழிதவறச் செய்தது முயல், வழிகாட்டி வீட்டில் சேர்த்தது கங்காரு என்பதை நாம் கவனிக்கவேண்டும். ஆசிரியை எண்ணித்தான் இவ்வாறு அமைத்தாரா என்று உறுதி கூற இயலாது. ஆனால் வந்தேறிய விலங்கின் பின்னால் ஓடிய குழந்தையை மண்ணின் விலங்கு காக்கிறது என்ற அமைப்பு, முயலால் அல்லற்பட்ட அந்நாட்டின் நிலைக்கு மிகவும் பொருந்துகிறது. அந்நாட்டுக் குழந்தைகளுக்கே நூலைக் காணிக்கையாக்கிய ஆசிரியை, அழிக்கப்பட்டுவரும் உயிரினங்கள்மீது அவர்களுக்கு இரக்கம் பிறக்கவேண்டும் என்ற விருப்பத்தையும் முகப்பிலேயே வெளியிட்டார்.

விலங்குகளின் நீதிமன்றத்தைப் படிக்கும்போது தமிழருக்கு மனுநீதிச் சோழன் கதை நினைவுக்கு வராமல் இராது. அங்கே கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இடத் துணிகிறான். இங்கே குட்டியை இழந்த கங்காருவும் உண்டு, வழக்கும் உண்டு. வேறுபாடு என்னவென்றால், மணியை அசைத்துக் கேட்பதற்கு அந்த உயிர்களுக்கு அரசன் எவனும் இல்லை. ஆகவே வழக்கு ஒரு குழந்தையின்முன் வந்து நின்றது. பெரியவர்கள் கேட்கமாட்டார்கள், நாளை பெரியவர்களாகப் போகிற குழந்தைகளாவது கேட்கட்டும் என்பதே எத்தெல் பெட்லியின் நம்பிக்கை.

1901 ஜனவரி முதல் நாளன்று ஆறு குடியேற்றங்களும் ஒன்றிணைந்து ஆஸ்திரேலியப் பொதுநலக் கூட்டாட்சி அமைந்தது. புதிய நாட்டுக்குச் சின்னங்கள் தேவைப்பட்டன. 1908இல் அளிக்கப்பட்ட அரசு இலச்சினையில் ஒருபுறம் கங்காருவும் மறுபுறம் ஈமுவும் கேடயத்தைத் தாங்கி நின்றன. 1912இல் திருத்தப்பட்டபோது வாட்டில் மலர்க் கொத்தும் சேர்ந்தது. 1910 செப்டம்பர் முதல் தேதி சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டு நகரங்களில் வாட்டில் நாள் கொண்டாடப்பட்டது. வேனில் பிறக்கும் அந்நாளில் ஆடையில் வாட்டில் பூவைச் சூடிக்கொள்வது வழக்கமாயிற்று. முதல் உலகப் போர் தொடங்கியபின் அப்பூங்கொத்துகளை விற்றுப் போர் நிதி திரட்டினார்கள்.

'பன்யிப்' அரங்கேறிய 1916ஆம் ஆண்டை இந்தப் பின்னணியில்தான் காணவேண்டும். அவ்வாண்டு பிரான்சுப் போர்முனையில் பொசியேர் என்னும் ஊரைச் சுற்றி ஆஸ்திரேலியப் படை பெருஞ்சேதம் அடைந்தது. கட்டாயப் படைச் சேர்க்கை வேண்டுமா என்ற கேள்வி அக்டோபரில் மக்கள் வாக்குக்கு விடப்பட்டு, நாட்டைப் பிளவுபடுத்தி, தோல்வியுற்றது. பல வீடுகளில் துக்கம். இங்கிலாந்துக்காகப் போரிடப் போன பிள்ளைகள் திரும்பாத ஆண்டில், இங்கிலாந்துப் பனிக்காட்சியை விடுத்து, வாட்டில் மலர் இளவரசியின் காடு குழந்தைகளின்முன் விரிந்தது. எழுதியவர் எல்லா ஏர்லி என்ற பெயரில் எழுதிய ஒரு பெண்மணி. நடத்தியவர்கள் ஃபுல்லர் சகோதரர் கம்பெனியார். பாடல்கள் பலர் இயற்றியவை.

இத்தகைய நாடகம் வெற்றிபெற உயர்ந்த நோக்கம் மட்டும் போதாது, சிரிப்பும் வேண்டும். நாட் ஃபிலிப்ஸ், ராய் ரீன் என்ற இரு விகடர்கள் ஸ்டிஃபி, மோ என்னும் இணையராக அவ்வாண்டுதான் மேடையில் தோன்றியிருந்தனர். அவர்களுடைய வேடிக்கையும் 'பன்யிப்' நாடகத்துக்குத் துணை செய்தது. ராய் ரீன் ஹாலந்திலிருந்து வந்த யூதர் ஒருவரின் மகன். பிற்காலத்தில் அந்நாட்டு வானொலியிலும் பெரும்புகழ் பெற்றவர். காடும் பூதமும் தேவதையும் ஒருபக்கம், நகரத்துத் தெருப் பேச்சு மறுபக்கமாக நாடகம் நடந்தேறியது. பின்னர்ப் பிற நகரங்களுக்கும் நியூஸிலாந்துக்கும் அது சென்றது. உள்நாட்டுக் கருப்பொருள் விலைபோகாது என்ற கருத்து இதனால் பொய்த்தது. 'டாட்டும் கங்காருவும்' கதையையும் ஸ்டெல்லா சாப்மன், டக்ளஸ் ஆன்சலன் என்ற இருவர் நாடகமாக்க, 1924இல் அதுவும் மேடை ஏறியது.

இவ்வளவும் பாராட்டுக்குரியதே. ஆயினும் இந்நாடகங்களைப் புகழும்போது ஒரு கேள்வியைக் கேளாமல் விடுவது நேர்மையாகாது. குடியேறியவர்கள் அந்த விலங்குகளைக் கண்டது நேற்று. பல்லாயிரம் ஆண்டுகளாக அவற்றோடு வாழ்ந்து, அவற்றுக்குப் பெயரிட்டு, கதை புனைந்து, ஆடிப் பாடியவர்கள் அம்மண்ணின் பழங்குடி மக்கள். அவர்களுக்கு இம்மேடையில் என்ன இடம் தரப்பட்டது?

மொழிபெயர்ப்பை நாள்தோறும் தொழிலாகச் செய்யும் எம் போன்றோர்க்கு இக்கேள்வியின் விடை சொற்களிலேயே தெரிகிறது. 1770இல் கப்பல் தலைவர் குக்கும் அவர் குழுவினரும் வடகிழக்குக் கரையில் எண்டவர் ஆற்றின் கழிமுகத்தில் தங்கியபோது, அங்கிருந்த மக்களிடம் கேட்டு எழுதிக்கொண்ட சொல்லே கங்காரு. கேட்ட கேள்வி விளங்காமல் 'எனக்குத் தெரியாது' என்று அம்மக்கள் கூறியதையே விலங்கின் பெயராக ஆங்கிலேயர் கொண்டுவிட்டனர் என்று ஒரு வேடிக்கைக் கதை நெடுங்காலம் வழங்கிற்று. அது பொய். கூகு யிமிதிர் என்னும் அம்மக்களின் மொழியில் 'கங்குரு' என்பது ஒரு வகைப் பெரிய கங்காருவின் முறையான பெயர் என்பதை 1970களில் மொழியியலாளர் ஜான் ஹேவிலண்ட் உறுதிப்படுத்தினார். சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். கேட்டவர்களின் வழித்தோன்றல்களே இருநூறு ஆண்டுகளாக அவர்களை அறியாதவர்களாக்கிச் சிரித்தனர்.

அச்சொல்லின் பயணம் அத்துடன் முடியவில்லை. 1788இல் சிட்னியில் குடியேறியவர்கள் குக்கின் சொல்லை அங்கிருந்த மக்களிடமும் வழங்கினார்கள். அங்கே பேசப்பட்டது வேறு மொழி. ஆகவே அவர்கள் கங்காரு என்பதை வந்தவர்களின் சொல் என்று எண்ணிக்கொண்டார்கள். கப்பலில் வந்திறங்கிய பசுக்களைக் கண்டு, இவையும் கங்காருதானா என்று அவர்களுள் ஒருவர் வினவியதை அக்காலத்துப் படை அதிகாரி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். கோவாலா, வாலபி, டிங்கோ, கூக்கபரா, பன்யிப் என்று இன்று உலகம் அறிந்த பெயர்கள் எல்லாம் பழங்குடி மக்களின் பல்வேறு மொழிகளிலிருந்து கொண்டவையே.

பெயர்களை எடுத்துக்கொண்டவர்கள் பெயரிட்டவர்களை உடன் அழைத்துச் செல்லவில்லை. டாட்டின் கதையில் பழங்குடியினர் கங்காருவை வேட்டையாடும் அச்சம் தரும் கூட்டமாகவே வருகின்றனர். விலங்குகளிடம் அவ்வளவு கனிவு காட்டிய ஆசிரியையின் கண், அம்மனிதர்களைக் காணும்போது தன் காலத்தின் கண்ணாகவே நின்றுவிட்டது. 'பன்யிப்' நாடகத்தின் பூதம் அவர்களுடையது. எழுதியவரும் நடத்தியவரும் குடியேறியோர் வழியினர். மக்கள்தொகைக் கணக்கில் பழங்குடியினரைச் சேர்க்கக் கூடாது என்றிருந்த அரசியலமைப்பு விதியே 1967ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்புக்குப் பின்புதான் நீங்கியது. மண்ணின் விலங்கை ஏற்பது எளிது. மண்ணின் மக்களை ஏற்பது அரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி, விலங்குகளுக்கேனும் இந்நாடகங்களாலும் கதைகளாலும் பயன் விளைந்ததா என்று பார்ப்போம். டாஸ்மேனியத் தீவில் முதுகில் வரிகள் கொண்ட தைலசின் என்னும் விலங்கு வாழ்ந்தது. ஆடுகளைக் கொல்வதாகக் கூறி, 1888 முதல் 1909 வரை அதைக் கொன்று வருவோர்க்கு அரசாங்கம் தலைக்கு ஒரு பவுன் பரிசளித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பரிசுகள் வழங்கப்பட்டன. 1936 ஜூலை 10ஆம் தேதி அவ்விலங்குக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஹோபார்ட் நகர விலங்குக் காட்சிச்சாலையில் இருந்த கடைசித் தைலசின் அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் தேதி இறந்தது. சட்டம் வந்து 59 நாட்களே ஆகியிருந்தன.

கோவாலாவின் கதை சற்று வேறாக முடிந்தது. மென்மையான தோலுக்காக அது லட்சக்கணக்கில் கொல்லப்பட்டு வந்தது. 1927 ஆகஸ்டில் குவீன்ஸ்லாந்து அரசாங்கம் ஒரு மாதம் வேட்டைக்கு அனுமதி அளித்தது. அந்த ஒரே மாதத்தில் ஏறத்தாழ 6 லட்சம் கோவாலாக்கள் மடிந்தன. ஆனால் இம்முறை நாடு வாளாவிருக்கவில்லை. பத்திரிகைகளும் சமயத் தலைவர்களும் இயற்கை அன்பர்களும் கண்டனக் குரல் எழுப்பினர். குவீன்ஸ்லாந்தில் அத்தகைய திறந்த வேட்டை அதன்பின் நிகழவில்லை. டாட்டின் கதையைச் சிறுவயதில் படித்தவர்கள் 1927இல் முப்பது, நாற்பது வயதினர். வாக்களிப்பவர்கள், ஆசிரியர்கள், பத்திரிகைக்குக் கடிதம் எழுதுபவர்கள். கதை ஒன்றே இதைச் செய்தது என்று கூறுவது மிகையாகும். பறவை அன்பர் கழகங்களும், 1909இல் தோன்றிய வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கமும் பாடுபட்டதை மறக்கலாகாது. ஆயினும் கோவாலாவை வெறும் தோலாகக் காணாத ஒரு தலைமுறை அதற்குள் வளர்ந்திருந்தது என்பதை மறுக்க முடியாது. 1933இல் டோரதி வால் என்பவர் குறும்புக்காரக் கோவாலாக் குட்டி ஒன்றைக் கதாநாயகனாக்கி எழுதினார். அக்குட்டியின் தந்தை மனிதனால் சுடப்பட்டு இறப்பதைக் கதையிலேயே காட்டினார். எந்தக் குழந்தையும் கதை ஆகாதென்று புத்தகத்தை மூடிவிடவில்லை.

ஆபத்து இன்னும் நீங்கவில்லை. 2022இல் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகரப் பகுதி ஆகியவற்றில் வாழும் கோவாலா அருகிவரும் உயிரினமாக அறிவிக்கப்பட்டது. இன்று அதன் பகை துப்பாக்கியன்று. காடழிப்பும் தீயும் நோயும். டாட்டின் கதையை 1977இல் கேலிச்சித்திரத் திரைப்படமாக எடுத்தவர் யோரம் கிராஸ். போலந்தில் பிறந்து, யூதப் படுகொலைக்குத் தப்பி, 1968இல் ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். புதிதாக வந்த ஒருவர் அந்நாட்டின் கங்காருவைக் குழந்தைகளுக்கு மீண்டும் காட்டினார் என்பது கருதத்தக்கது.

நம் வானொலி நேயர்களுக்கு ஒரு செய்தி சுவையாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் அயல்நாட்டு ஒலிபரப்பு நெடுங்காலம் கூக்கபராவின் சிரிப்பொலியைத் தன் அடையாளமாகக் கொண்டிருந்தது. சிற்றலையில் முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்த கேட்போர் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எந்த நாடு பேசுகிறது என்று அறிந்தனர். 2017 ஜனவரியில் அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. 1873இல் மேடையில் கேலிப் பொருளாக வந்த பறவை, ஒரு நாட்டின் குரலாகவே உயர்ந்தது.

இக்கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. வாட்டில் மலர் இளவரசியின் மரத்தையும், கோவாலா தங்கும் தைல மரத்தையும் காண நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. உதகைக்குச் சென்றாலே போதும். குளிர்காய விறகு வேண்டி ஆங்கிலேயர் 1843 வாக்கில் யூகலிப்டஸ் மரத்தை அங்குக் கொணர்ந்து நட்டனர். மலைமக்கள் சீகை என்று வழங்கும் வாட்டிலும் அந்த நூற்றாண்டிலேயே வந்து சேர்ந்தது. நீலகிரித் தைலம் என்று நாம் நம்முடையதாகவே எண்ணும் பொருள் ஆஸ்திரேலிய மரத்தினது. தன் மண்ணில் இளவரசியாகப் பாடப்பெற்ற வாட்டில், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சோலைகளை ஒட்டிய புல்வெளிகளை விழுங்கும் களையாகிவிட்டது. வரையாடு மேயும் நிலம் சுருங்கிற்று. இத்தகைய அயல் தாவரங்களை அகற்றி இயற்கை நிலையை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையே வகுத்தது. அங்கே முயல் செய்ததை இங்கே வாட்டில் செய்தது. மரத்தின்மீதும் குற்றமில்லை, முயலின்மீதும் குற்றமில்லை. எந்த மண்ணுக்கு எது உரியது என்று எண்ணிப் பாராமல் தம் தேவைக்காகக் கொணர்ந்தவர்களின் செயலே அது.

வேற்று மாநிலங்களில் வாழும் நாம் ஊர் நினைவை விட்டுவிட வேண்டும் என்று கூறுவது நம் கருத்தன்று. பொங்கல் விழாவில் நம் குழந்தைகள் சிலம்பின் காட்சிகளை நடிப்பதும், திருக்குறள் ஒப்பிப்பதும் தொடரவேண்டும். ஆனால் நம் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தின் பெயர் என்ன, கூரையில் வந்தமரும் பறவையை இவ்வூரார் எவ்வாறு அழைக்கிறார்கள் என்று நம் குழந்தைகளைக் கேட்டால் எத்தனை பேர் விடை சொல்வார்கள்? ராஜஸ்தானத்துப் பாலைநிலத்தில் கோடாவன் எனப்படும் கானமயில் மிகச்சிலவாய்க் குறைந்து உயிருக்குப் போராடுகிறது. பீகாரில் கங்கையாற்று ஓங்கில் உண்டு. அஸ்ஸாமில் காண்டாமிருகம் உண்டு. ஒடிஸாக் கரையில் முட்டையிட வரும் கடலாமைகள் உண்டு. அங்கங்கே வாழும் தமிழ்க் குழந்தைகளுக்கு இவை அயலான் வீட்டு உயிர்கள் அல்ல. அவர்கள் வளரும் நிலத்தின் கருப்பொருள்கள் இவையே.

ஆகவே அடுத்த ஆண்டு விழாவில் நம் தமிழ்ச் சங்கத்து மேடையில், தமிழ்ப் பாட்டோடும் தமிழ்ப் பேச்சோடும், அந்தந்த ஊரின் விலங்கும் பறவையும் வேடம் புனைந்து வரட்டும். அவற்றின் பெயர்களை அவ்வூர் மக்களிடமே கேட்டு அறிவோம். கேட்டவர்களை மறவாமல் விழாவுக்கும் அழைப்போம். ஆஸ்திரேலியர் முதலாவதைச் செய்தார்கள், இரண்டாவதைச் செய்யத் தவறினார்கள். நாம் இரண்டையும் செய்யலாம். குழந்தைகளுக்கு அட்டையில் ஒரு தலையும் துணியில் ஒரு வாலும் தைத்துக் கொடுத்தால் போதும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.